வால்வு ஆம்பிளிபயரும் எஃபெக்ட்ஸ் பெட்டியும்

தோட்டத்து இசைக்குழுப் பிள்ளைகள் கித்தாருக்கு எஃபெக்ட்ஸ் பெட்டி வாங்கி, வால்வு ஆம்பிளிபயரின் முன்துளையில் செருகிவிட்டு, "தகரம் தட்டுவது போல் கேட்கிறதே, சார்" என்கிறார்கள். கேட்கத்தான் செய்யும். பெட்டிக்குள்ளேயே ஓர் ஆம்பிளிபயரின் குரலும் ஸ்பீக்கரின் குரலும் போலியாக உண்டு. குரல் மேல் குரல் ஏறுகிறது. இரண்டையும் அணைத்துவிடுங்கள். பின்புறம் 'ரிட்டர்ன்' துளை இருந்தால் இன்னும் நல்லது. பெட்டியை அதில் இணைத்து, ஸ்பீக்கர் குரலை மட்டும் அணைத்தால் போதும்.

ஸ்பீக்கர் துளையிலிருந்து மட்டும் பெட்டிக்குக் கம்பி இழுக்காதீர்கள், பெட்டி கருகிவிடும். ஸ்பீக்கர் மாட்டாமல் வாசித்தால் ஆம்பிளிபயரின் டிரான்ஸ்பார்மரே எரியலாம். சீட்டுப் பணத்தில் வாங்கிய பொருளல்லவா!

பெற்றோர்களே, பெரிய வால்வு ஆம்பிளிபயருக்குள் 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கும். மூடியைக் கழற்றப் பிள்ளைகளை விடாதீர்கள். பழுதென்றால் பட்டணத்து ரேடியோக்காரரிடம் கொடுங்கள்.