மீன் கழிவு வாங்கப் போன இடத்தில் ஒரு பாடம்

மீன் அமிலம் போட மீன் கழிவும் வெல்லமும் சம எடை வேண்டும். கழிவுக்காக மாதம் ஒருமுறை சென்னை நொச்சிக்குப்பம், லூப் ரோடு மீன் சந்தைக்குப் போவேன். எனக்காகக் கழிவை எடுத்து வைக்கும் அக்கா சில வாரங்களாகக் கடை போடவில்லை. திரும்ப வந்தபோது விசாரித்தேன்.

"வூட்டுக்காரருக்கு நுரையீரல்ல புற்றுநோய் தம்பி. முப்பது வருசமா பீடி. மூணு மாசம் இருமலுக்குக் கடையிலயே மருந்து வாங்கிக் குடிச்சாரு. சளியில ரத்தம் வந்தப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்."

சொல்லும்போதே அக்காவும் இருமினார். "உங்களுக்கு எத்தனை நாளா?" என்றேன். "அது கெடக்குது. அவரப் பாக்கவே நேரம் பத்தல."

நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். நம் கிராமத்து வீடுகளிலும் இதே கதைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புகை யாரையும் விடாது

நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் பீடி, சிகரெட். ஆனால் பிடிப்பவரோடு அது நிற்பதில்லை. புகைப்பவரோடு வாழும் புகைக்காத துணைக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது. சின்ன வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. வீட்டுக்குள் புகையே கூடாது.

டீசல் புகையையும் கல்நார் தூசியையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை உறுதி செய்துள்ளது. விறகடுப்புப் புகையும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே மூடிய கொட்டகையில் டீசல் மோட்டாரை ஓட்டாதீர்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். சருகையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாதீர்கள். சருகு மூடாக்குக்கு ஆகும்.

இன்று பீடியை விட்டாலும் பலன் உண்டு. விட்டு பத்து வருடத்தில், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது. விட முடியவில்லையா? 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

எப்போது போக வேண்டும்?

இரண்டு, மூன்று வாரம் தாண்டிய இருமல், சளியில் ரத்தம், குரல் கம்மல், காரணமில்லாத எடை குறைவு, மூச்சு வாங்குதல், தோள் அல்லது நெஞ்சு வலி. இதில் ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். காசநோய்க்கும் இதே அறிகுறிகள்தான். சளிப் பரிசோதனை இலவசம். அதில் காசநோய் இல்லை என்று வந்தும் இருமல் நிற்கவில்லை என்றால், "ஸ்கேன் பார்க்கலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். சென்னையில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், ராயப்பேட்டை அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

பார்த்துக்கொள்பவருக்கு

இது தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம். ஆனால் கீமோ ஏற்றிய பிறகு இரண்டு நாளுக்கு நோயாளியின் வாந்தி, சிறுநீர் பட்ட துணிகளைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள்.

இன்னொன்று, நம் ஆட்களுக்காகவே சொல்கிறேன். நஞ்சில்லா உணவு உடம்புக்கு நல்லது. ஆனால் அது புற்றுநோய்க்கு மருந்து ஆகாது. "இயற்கையிலேயே குணமாக்கிடலாம்" என்று யார் சொன்னாலும் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். மூலிகைக் கஷாயம் கொடுப்பதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தோடு ஒத்துப்போகாது.

நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இரவுக் காவலை அண்ணன் தம்பி, மகன் மகளோடு முறை போட்டுக்கொள்ளுங்கள். மண் களைத்தால் விளைச்சல் ஏது?

போன மாதம் சந்தைக்குப் போனேன். கழிவு வாளியை நீட்டிய அக்கா, "சளி டெஸ்ட் குடுத்துட்டேன் தம்பி, எக்ஸ்ரேவும் எடுத்தாச்சு. நாளைக்குப் போய் வாங்கணும்" என்றார். "கடை?" என்றேன். "பொண்ணு பாத்துக்கும்."