லாரியில் ஆசியாவைக் கடப்பவர்கள்

சரக்கு லாரி ஒன்றின் அடிச்சட்டத்தின் மேல், சரக்குப் பெட்டிக்குப் பதிலாக இருபது இருக்கைகள் கொண்ட ஓர் அறையைக் கட்டுகிறார்கள். பக்கவாட்டு அறைகளில் கூடாரங்கள், எரிவாயு அடுப்பு, அண்டா போன்ற பாத்திரங்கள், மண்வெட்டிகள். சில நூறு லிட்டர் பிடிக்கும் தண்ணீர்த் தொட்டி, கூடுதல் டீசல் தொட்டி, உபரி டயர்கள், மணலில் புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் போட நீளத் தகடுகள். முன்பின் அறியாத இருபது பேர் பணம் கட்டி இதில் ஏறி, இஸ்தான்புல்லில் தொடங்கி ஜார்ஜியா, காஸ்பியன் கடல், உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான் வழியாகச் சீனாவுக்கோ நேபாளத்துக்கோ போய்ச் சேர்கிறார்கள். முழு வழியும் போக மாதக் கணக்கில் ஆகும். நடுவில் ஏறி நடுவில் இறங்குகிறவர்களும் உண்டு. ஓவர்லேண்டு பயணம் என்று இதற்குப் பெயர். பிரிட்டன் நிறுவனங்கள் அரை நூற்றாண்டாக இதை நடத்திவருகின்றன.

சொகுசுப் பேருந்தில் போகலாமே, லாரி எதற்கு? பாமீர் மலைகளிலும் துர்க்மெனிஸ்தான் பாலைவனத்திலும் சாலை என்பது பல இடங்களில் பெயரளவுக்குத்தான். குழிகளும் ஓடைகளும் குறுக்கிடும். தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் அடிச்சட்டமும் கனமான பட்டை ஸ்பிரிங்குகளும் வேண்டும். உடைந்தால் வழியோரப் பட்டறையில் பிரித்துச் சேர்க்கக்கூடிய இயந்திரமும் வேண்டும். பழைய காலத்தில் ராணுவம் கழித்துவிட்ட பெட்ஃபோர்டு லாரிகளை இதற்காகவே வாங்கினார்கள். பிறகு மெர்சிடஸ், ஸ்கானியா வந்தன. இந்த லாரிகளை ஓட்டுகிறவர் பாதி மெக்கானிக்காகவும் இருந்தாக வேண்டும். அடுத்த பட்டறை முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது வேறு வழி இல்லை.

இந்தப் பயணத்துக்கு முன்னோடி ஒரு பேருந்துதான். 1957 ஏப்ரல் 15 அன்று லண்டனிலிருந்து இருபது பயணிகளோடு புறப்பட்ட 'இந்தியாமேன்' பேருந்து, பிரான்ஸ், இத்தாலி, யுகோஸ்லாவியா, துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக ஜூன் 5 அன்று கல்கத்தா வந்து சேர்ந்தது. ஒருவழிக் கட்டணம் 85 பவுண்டு. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஹிப்பி இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இதே தடத்தில், ஆப்கானிஸ்தானைத் தொட்டுக்கொண்டு காத்மாண்டு வரை போனார்கள். 1979-ல் ஈரானில் புரட்சி. அந்த ஆண்டு டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அத்தோடு அந்தத் தடம் அறுந்தது. பின்னால் லாரிகள் ஆப்கானிஸ்தானைத் தவிர்த்து, தெற்கு ஈரான், பலுசிஸ்தான், குவெட்டா, லாகூர், அமிர்தசரஸ் என்று சுற்றி வந்தன. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்த பிறகு மத்திய ஆசியா திறந்துகொண்டது. உஸ்பெகிஸ்தானின் சமர்கந்தும் புகாராவும் லாரிப் பாதைக்குள் வந்தது அப்படித்தான்.

பயணத்தின் உள்வாழ்க்கைக்கு வருவோம். ஏறுகிற எல்லோருக்கும் வேலை உண்டு என்பது அடிப்படை விதி. இதை உணராமல் வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே மனம் நொந்துபோகிறார்கள். கட்டணத்தைத் தவிர ஒவ்வொருவரும் ஒரு தொகையைப் பொதுப்பணமாகக் கொடுப்பார்கள். சாப்பாடு, முகாம் கட்டணம் போன்றவை அதிலிருந்து போகும். சமையலுக்கு இரண்டு மூன்று பேர் கொண்ட அணிகளைப் பிரித்து முறை வைப்பார்கள். உங்கள் முறை வருகிற நாளில், பொதுப்பணத்திலிருந்து அன்றைக்குரிய தொகையை வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போக வேண்டும். மொழி தெரியாது. விரலைக் காட்டி, கால்குலேட்டரில் எண்ணைத் தட்டிப் பேரம் பேசி, இருபது பேருக்கு இரவுச் சாப்பாடும் மறுநாள் காலைச் சாப்பாடும் ஆகிற அளவுக்கு வாங்கிவர வேண்டும். கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரிலுள்ள ஓஷ் சந்தை போன்ற இடங்களில் தக்காளி, வெள்ளரி, உருளைக்கிழங்கு, வெங்காயம், முலாம்பழம், வட்ட ரொட்டி எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். மலைமேல் போய்விட்டால் மூட்டையில் இருப்பதுதான் சாப்பாடு. அதனால் அடுத்த நாலைந்து நாளைக்கு என்ன வேண்டும் என்று யோசித்து வாங்குகிற அணிதான் நல்ல அணி.

சைவ உணவுக்காரர்கள் கவலைப்படுவது நியாயம். வழியோரக் கடைகளில் ஆட்டிறைச்சியும் அதன் கொழுப்பும் இல்லாத பண்டம் அரிது. சோற்றில்கூட இறைச்சி இருக்கும். ஆனால் லாரியின் அடுப்பில் நீங்களே சமைப்பதால் முகாம் நாட்களில் சிக்கல் இல்லை. பருப்பும் கொஞ்சம் மசாலாப் பொடியும் கையில் கொண்டுபோனால் குழு முழுதும் உங்களை நேசிக்கும்.

பாத்திரம் கழுவுவதற்கும் ஒழுங்கு இருக்கிறது. மூன்று தொட்டிகள்: ஒன்றில் சோப்பு நீர், ஒன்றில் கிருமிநாசினி கலந்த நீர், ஒன்றில் நல்ல நீர். கழுவிய தட்டைத் துணியால் துடைக்கக் கூடாது. ஈரத்துணிதான் ஒருவர் வயிற்றுக் கோளாறை இருபது பேருக்கும் பரப்பும். அதனால் சாப்பிட்டு முடித்தவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று, தட்டைக் காற்றில் வீசி வீசி உலர்த்துவார்கள். தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு விநோதமாகத் தோன்றும். மாதக்கணக்கில் ஒன்றாகச் சாப்பிடுகிற கூட்டத்தில் இதைவிட முக்கியமான பழக்கம் இல்லை என்பேன்.

சமையலுக்கு வெளியேயும் பொறுப்புகள் உண்டு. ஒருவர் தண்ணீர் நிரப்புவதைக் கவனிப்பார். ஒருவர் குப்பையைப் பார்ப்பார். ஒருவர், கிளம்புமுன் எல்லாப் பெட்டிகளும் பூட்டியிருக்கிறதா என்று சுற்றிவந்து சரிபார்ப்பார். காட்டு முகாமில் கழிப்பறை கிடையாது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓடும் இடத்திலிருந்து தள்ளிப் போய்க் குழி தோண்டி, மூடிவிட்டு வர வேண்டும். நாலைந்து நாள் குளிக்காமல் இருக்க நேரும். லாரி சேற்றில் சிக்கினால் அத்தனை பேரும் இறங்கித் தோண்ட வேண்டும்.

பதினெட்டு வயதுக்காரரும் அறுபதைத் தாண்டியவரும் ஒரே லாரியில் இருப்பார்கள். சண்டை வரத்தான் செய்யும். அது பெரும்பாலும் கொள்கைச் சண்டையாக இருக்காது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, முன் இருக்கையில் யார், பாட்டுச் சத்தம், காலையில் கூடாரத்தைப் பிரிக்காமல் எல்லோரையும் காக்கவைப்பவர் என்றுதான் தொடங்கும். அனுபவமுள்ள குழுத் தலைவர்கள் இருக்கையை நாள்தோறும் மாற்றச் சொல்வார்கள். சமையல் அணியிலும் நண்பர்களைப் பிரித்துப் போடுவார்கள். ஒருவர் வேலையைத் தட்டிக்கழித்தால் மூன்றாம் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். நகரத்தில் பிடிக்காதவரை விட்டு விலகிப் போய்விடலாம், லாரியில் முடியாது. நாலடி தள்ளி அவர் உட்கார்ந்திருப்பார், நாளை அவர் சமைத்ததைத்தான் நீங்கள் சாப்பிட வேண்டும். பொறுத்துப்போகப் பழகுவது இந்தக் கட்டாயத்தால்தான். நட்பு இறுகுவதும் இதனால்தான்.

மலையேறும்போது உடம்பும் இயந்திரமும் சேர்ந்தே திணறும். தஜிகிஸ்தான் வழியாகப் போகும் பாமீர் நெடுஞ்சாலை, 1930-களில் சோவியத் அரசு அமைத்தது, அக்-பைதல் கணவாயில் 4,655 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. சீனாவையும் பாகிஸ்தானையும் இணைக்கும் குஞ்சராப் கணவாய் 4,693 மீட்டர். தொட்டபெட்டாவைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி. தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வந்தால் மேலே ஏறுவதை நிறுத்தி, குறையாவிட்டால் கீழே இறங்க வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பது உயிருக்கே ஆபத்து. சமையலும் படுத்தும்: 4,000 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. அரிசி வேகாமல் விறைத்து நிற்கும். பிரஷர் குக்கர் அங்கேதான் தன் மதிப்பைக் காட்டும்.

இனி எல்லைகள். வரைபடத்தில் நேர்க்கோடு போல இருக்கும் வழி நிஜத்தில் வளைந்து வளைந்து போவதற்கு மலையும் பாலைவனமும் ஓரளவே காரணம். பெரிய காரணம் காகிதங்கள். ஈரான், பாகிஸ்தான், இந்தியா, நேபாளம் போன்ற நாடுகளுக்குள் வெளிநாட்டு வண்டி நுழைய 'கார்னே' என்கிற சுங்க ஏடு வேண்டும். வண்டியை உள்ளே கொண்டுபோய் வரி கட்டாமல் விற்றுவிட மாட்டேன் என்பதற்கு ஓர் ஆட்டோமொபைல் சங்கம் தரும் உத்தரவாதம் அது. வண்டியின் மதிப்பைப் பொறுத்துப் பெருந்தொகையை முன்வைப்பாகக் கட்ட வேண்டும். நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. ஒன்று விடுபட்டாலும் அந்தப் பணம் சிக்கிக்கொள்ளும். சீனாவில் இன்னும் கடினம்: தற்காலிக எண் பலகை, தற்காலிக ஓட்டுநர் உரிமம், நுழைவதிலிருந்து வெளியேறும் வரை கூடவே வரும் சீன வழிகாட்டி, மாதங்களுக்கு முன்பே வாங்கிவைக்க வேண்டிய அனுமதி. ஒரு குடும்பம் காரில் போனால் இந்தச் செலவு மென்னியைப் பிடிக்கும். இருபது பேர் பகிரும்போது தாங்கிவிடலாம். லாரிப் பயணம் இன்னும் பிழைத்திருப்பதற்கு இந்தக் கணக்கும் காரணம்.

காஸ்பியன் கடலைக் கடக்க, அஜர்பைஜானில் பாகு அருகே உள்ள அலாத் துறைமுகத்திலிருந்து துர்க்மெனிஸ்தானின் துர்க்மென்பாஷிக்குக் கப்பல் ஏற வேண்டும். அது சரக்குக் கப்பல். கால அட்டவணை கிடையாது. சரக்கு நிரம்பினால் கிளம்பும். ஒரு நாளுக்குள் கடந்துவிடக்கூடிய கடலுக்காக, துறைமுகத்தில் நாட்கணக்கில் லாரிக்குப் பக்கத்தில் படுத்துக்கிடந்தவர்கள் ஏராளம்.

திறந்த எல்லை நாளைக்கும் திறந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. 2015 நேபாள நிலநடுக்கத்தில் லாசா–காத்மாண்டு சாலையின் கோடாரி எல்லை சிதைந்தது. வெளிநாட்டுப் பயணிகள் வேறு எல்லைச் சாவடிக்கு மாற வேண்டியதாயிற்று. 2020 பெருந்தொற்றில் அஜர்பைஜான் மூடிய நில எல்லைகளைப் பல ஆண்டுகள் பயணிகளுக்குத் திறக்கவே இல்லை. 2021 மோதலுக்குப் பிறகு மூடிக்கிடந்த கிர்கிஸ்தான்–தஜிகிஸ்தான் எல்லை, 2025 மார்ச் ஒப்பந்தத்தோடுதான் திறந்தது. அடுத்த மாதமே, காஷ்மீரின் பஹல்காமில் நடந்த தாக்குதலைத் தொடர்ந்து, பாகிஸ்தானுடனான அட்டாரி எல்லையை இந்தியா மூடியது. இந்தியாவுக்குள் மேற்கிலிருந்து தரைவழியாக வர லாரிகள் பயன்படுத்திவந்த வாசல் அது ஒன்றுதான். கிழக்கு வாசலான மணிப்பூரின் மோரே, 2018-ல் விசா வைத்திருப்பவர்களுக்குத் திறந்தது. பெருந்தொற்றும் 2021 மியான்மர் ராணுவப் புரட்சியும் அதையும் அடைத்துவிட்டன. பர்மாவிலிருந்து அறுபதுகளில் விரட்டப்பட்டுத் திரும்பிய தமிழர்கள், மறுபடி தரைவழியே அங்கே போய்விடலாம் என்று வந்து, முடியாமல் தங்கிப்போன ஊர் மோரே. எல்லை மூடுவது என்றால் என்ன என்று நம்மவர்கள் அங்கே வாழ்ந்தே அறிந்திருக்கிறார்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் முழு வழியும் போவது கடினம், பாகிஸ்தான் பகுதி பெரும்பாலும் கைகூடாது. ஆனால் மத்திய ஆசியப் பகுதி நமக்கு எட்டும் தூரம்தான். டெல்லியிலிருந்து தாஷ்கெண்டுக்கும் அல்மாட்டிக்கும் நேரடி விமானம் உண்டு. உஸ்பெகிஸ்தானுக்கு இணையவழி விசா. கஜகஸ்தானில் 2022 முதல் 14 நாள் வரை இந்தியர்களுக்கு விசாவே தேவையில்லை என்றாக்கினார்கள். விதிகள் மாறக்கூடியவை, கிளம்புமுன் தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். முதல் தடவையே நாலு மாதப் பயணத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். தாஷ்கெண்டிலிருந்து பிஷ்கெக் வரை போன்ற இரண்டு மூன்று வாரத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: பொதுப்பணம் எவ்வளவு, முகாமில் எத்தனை இரவு, எல்லை மூடினால் மாற்று வழி என்ன, அந்தச் செலவு யாருடையது. உயர்மலைக்கும் அவசர மீட்புக்கும் சேர்த்துப் பயணக் காப்பீடு எடுங்கள். மலை இரவுகள் ஜூலையிலும் உறைநிலைக்கு இறங்கும், நல்ல தூக்கப் பை இல்லாமல் போகாதீர்கள்.