தரவகப் பதிவுகளைக் கொள்ளுதல்: எச்சமும் முற்றும்

ஆராய்ச்சியாளர் ஒருவர் ஒரு நூலை ‘உண்டு’ என்று எழுதுதல் எளிது. ‘இல்லை’ என்று எழுதுதல் அரிது. உண்டென்பதற்கு ஒரு படி கண்டாற் போதும். இல்லையென்பதற்கோ, அஃது இருக்கத்தக்க இடமெல்லாம் தேடியிருத்தல் வேண்டும். முன்னாளில் நூலக அட்டைகளைப் புரட்டிச் செய்த இத்தேடுதலை இந்நாளில் இணையவழி வேண்டுகோளாலும் செய்கின்றோம். அவ்வேண்டுகோளின் இயல்பையும், வந்த விடை நிறைவுற்றது என்று துணிதற்குரிய அடையாளத்தையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வேண்டுகோள்

நூலகங்களும் ஆய்வேட்டுக் களஞ்சியங்களும் தம் பதிவுகளைப் பிறர்க்கு வழங்குதற்குரிய நெறிமுறைகளுள் ஒன்று ஓ.ஏ.ஐ.–பி.எம்.எச். என்பது. 1999-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் சாந்தா பே நகரில் நடந்த கூட்டத்தில் இதற்கு வித்திடப்பட்டது. 2001-இல் முதற் பதிப்பும், 2002-இல் இரண்டாம் பதிப்பும் வெளிவந்தன.

வேண்டுகோள் என்பது ஓர் இணைய முகவரியே. களஞ்சியத்தின் அடிப்படை முகவரி முன்னிற்கும். அடுத்து ஒரு வினாக்குறி வரும். அதன்பின் ‘வெர்ப்’ என்னும் சொல்லும் அதற்குரிய மதிப்பும் வரும். வினைச்சொல் எனப் பொருள்படும் இப்பெயர் நெறிமுறையை வகுத்தோரே இட்டதாகும். வினைகள் ஆறு: களஞ்சியம் தன்னை அறிவித்தல், பதிவு வடிவங்களைக் கூறுதல், உட்பிரிவுகளைக் கூறுதல், பதிவுகளின் தலைப்பகுதியை மட்டும் தருதல், பதிவுகளை முழுமையாகத் தருதல், குறித்த ஒரு பதிவைத் தருதல் என்பன அவை. பதிவுகளைத் தருக என்னும்பொழுது, எவ்வடிவில் என்பதைக் கூறியே ஆகவேண்டும். எப்பிரிவில், எந்நாள் முதல் எந்நாள் வரை என்பவற்றை வேண்டுமாயிற் கூறலாம்.

ஈண்டு நாள் என்றது நூல் வெளிவந்த நாளன்று. பதிவு படைக்கப்பட்ட அல்லது இறுதியாகத் திருத்தப்பட்ட நாளாகும். 1890-இல் அச்சான நூலின் பதிவு 2015-இல் திருத்தப்பட்டிருப்பின், அது 2015-க்குரிய விடையிலேயே வரும். இவ்வேறுபாட்டை அறியாதார் காலவாராய்ச்சியில் இடர்ப்படுவர்.

2. விடை

விடை எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் வரும். இது 1998-இல் வேர்ல்டு வைடு வெப் கன்சார்ட்டியத்தாற் பரிந்துரைக்கப்பட்டது. தரவகத்துள் அட்டவணையாகக் கிடக்கும் செய்திகள் இதன்கண் தத்தம் பெயர் தாங்கிய தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இடையே நிற்கும். எனவே, பெற்ற கணிப்பொறி எதுவாயினும், தலைப்பு இது, படைப்பாளர் இவர் என மயக்கமின்றிப் பிரித்தறியும்.

ஒவ்வொரு களஞ்சியமும் டப்ளின் கோர் என்னும் 15 உறுப்புகளைக் கொண்ட வடிவிலேனும் விடையளித்தல் வேண்டும். அவ்வுறுப்புகளுள் எதுவும் கட்டாயமன்று. எதுவும் பன்முறை வரலாம். ஆகவே, படைப்பாளர் உறுப்பு இல்லாத பதிவைக் கொண்டு அந்நூல் ஆசிரியர் பெயர் அறியப்படாத நூல் என்று முடிவு செய்தல் பொருந்தாது.

3. எச்சமும் முற்றும்

பதிவுகள் மிகப் பலவாயின் களஞ்சியம் அவற்றை ஒருங்கே தாராது. ஒரு பகுதியைத் தந்து, இறுதியில் ‘ரிசம்ப்ஷன் டோக்கன்’ என்னும் தொடர்குறியை வைக்கும். அக்குறியை வினையோடு மட்டும் சேர்த்து மீண்டும் வேண்டினால் அடுத்த பகுதி வரும். இறுதிப் பகுதியில் தொடர்குறி வெறுமையாக நிற்கும். யாவும் ஒரே விடையில் அடங்குமாயின் தொடர்குறி வாராது.

இதனை இலக்கண நூலார் வழியில் எளிதின் உணரலாம். ‘வந்து’ என்பது கேட்டார் மேலும் ஒரு வினையை எதிர்நோக்குவர். ‘வந்தான்’ என்புழி அந்நோக்கம் இல்லை. தொடர்குறி மதிப்பேற்ற விடை எச்சம். அது வெறுமையாக நின்ற விடை முற்று. எச்சத்தை முற்றெனக் கொள்வதே ஆராய்ச்சிக்கு வரும் பெருங்கேடு.

இக்கட்டுரையாளர் ஒருகால் ஒரு தொகுப்பின் சிற்றிலக்கியப் பதிப்புகளை வகைப்படுத்தப் புகுந்தார். வந்த பதிவுகள் 100. அவற்றுள் பிள்ளைத்தமிழ் ஒன்றேனும் இல்லாமை கண்டு, அவ்வகை அத்தொகுப்பில் இல்லை எனக் குறிப்பெழுதினார். பின்னர் விடையின் இறுதியை நோக்கியபோது தொடர்குறி நின்றது. அதனைக்கொண்டு மேலும் வேண்டப் பிள்ளைத்தமிழ்கள் வந்தன. எழுதிய குறிப்பு கிழிக்கப்பட்டது. களஞ்சியத்தின்மேற் குற்றமில்லை, விடையை இறுதிவரை படியாமையே குற்றம்.

4. தமிழெழுத்து

பதிவுகள் யாவும் வந்தபின்னும் தமிழ்நூல் தேடுவார்க்கு ஓர் இடையூறு உண்டு. யூனிகோடு முறையில் ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியீடுகளை அவ்வாறே ஒப்பிடும் கணிப்பொறிக்கு வேறு வேறு. ‘தொல்காப்பியம்’ என்று தேடுங்கால் இதனாற் சில பதிவுகள் விடுபடலாம். ஆதலின், தேடுமுன் பதிவுகளையும் தேடுசொல்லையும் ஒரே வடிவிற்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

5. முடிவுரை

ஒவ்வொரு விடையின் முகப்பிலும் விடையளித்த நாளும் நேரமும், விடுத்த வேண்டுகோளும் பொறிக்கப்பட்டிருக்கும். கட்டுரையில் ‘இல்லை’ என்று எழுதுவோர் இவற்றையும், தொடர்குறி வெறுமையாகும்வரை சென்றமையையும் உடன் குறித்தல் வேண்டும். அங்ஙனம் குறிப்பின் பின்வருவோர் அதே வழியிற் சென்று மெய்ம்மை காண்பர். குறியாவிடின், ஒருவர் பாதியில் நிறுத்திய தேடல் பிறர் கட்டுரைகளில் நிலைத்த முடிபாக வழங்கலாகும். முற்றுப்பெற்ற விடைக்கும் எல்லையுண்டு. அத்தொகுப்பில் வேண்டியவாறான பதிவு இல்லை என்பதே அதனாற் பெறப்படும். நூலே இல்லை என்பது அதனாற் பெறப்படாது.