“கைத்தொழில் போதும், படிப்பு எதுக்கு?” மாற்றுத் திறனாளி மாணவர்களை முடக்கும் பேச்சு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். பஸ்ஸிலும் அதே பேச்சு. “சயின்ஸ் குரூப்பா, காமர்சா, ஐ.டி.ஐ.யா?”

கண் தெரியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை உள்ள வீட்டில் மட்டும் இந்தப் பேச்சு எழுவதில்லை. பத்தாவது வரை வந்ததே பெரிசு என்று நினைக்கிறார்கள். சில வீடுகளில் பத்தாவது கூட இல்லை. எட்டாவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

“பாவம், இவனுக்கு எதுக்கு அல்ஜிப்ரா? மெழுகுவர்த்தி செய்யக் கத்துக்கிட்டா பிழைச்சுக்குவான்.”

சொந்தக்காரர்கள் நல்ல எண்ணத்தில்தான் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஒரு பேச்சு அந்தப் பிள்ளையின் வாழ்நாள் வருமானத்தையே வெட்டிவிடுகிறது. எப்படி?

இடம் உண்டு, சான்றிதழ் இல்லை

அரசு வேலையில் மாற்றுத் திறனாளிகளுக்கு 4 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் இது 3 சதவீதமாக இருந்தது. 2016-ம் ஆண்டுச் சட்டம் அதை 4 ஆக உயர்த்தியது.

பார்வைக் குறைபாட்டுக்கு ஒன்று. செவிக் குறைபாட்டுக்கு ஒன்று. கை, கால் இயக்கக் குறைபாட்டுக்கு ஒன்று. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் போன்றவற்றுக்குச் சேர்த்து ஒன்று. இதுதான் அந்த 4 சதவீதக் கணக்கு.

சரி, இடம் இருக்கிறது. உள்ளே போக என்ன வேண்டும்? கல்வித் தகுதி வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 தேர்வு எழுதவே பத்தாம் வகுப்புத் தேர்ச்சி தேவை. கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

கைத்தொழில் பக்கமும் இதே கதைதான். ஐ.டி.ஐ.யில் வயர்மேன், வெல்டர் போன்ற சில பிரிவுகளுக்குத்தான் எட்டாவது போதும். எலக்ட்ரீஷியன், பிட்டர் என்றால் பத்தாவது கேட்பார்கள். பாலிடெக்னிக்குக்கும் பத்தாவது வேண்டும்.

எட்டாவதோடு நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு இத்தனை கதவும் ஒரே நாளில் சாத்தப்பட்டுவிடுகிறது. தனக்கென்றே ஒதுக்கிய இடத்தை அவன் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். நாடு முழுவதும் இவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 55 பேர்தான்.

எஸ்.டி.டி. பூத் என்ன ஆச்சு?

“தொழில் தெரிஞ்சா போதாதா?” என்று கேட்பவர்கள் எஸ்.டி.டி. பூத்துகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1990-களில் தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு தொங்கியது. பூத் ஒதுக்கும்போது மாற்றுத் திறனாளிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. மூன்று சக்கர வண்டியில் வந்து பூத்தில் உட்கார்ந்து குடும்பத்தையே காப்பாற்றியவர்கள் பலர். பிறகு செல்போன் வந்தது. பூத்துகள் ஒவ்வொன்றாக மூடின.

அதற்கு முன்பு பார்வையற்றவர்களுக்குப் பிரம்பு நாற்காலி பின்னக் கற்றுத் தந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வந்து அந்தப் பிழைப்பைக் கெடுத்தது. டெலிபோன் போர்டில் உட்காரப் பயிற்சி தந்தார்கள். தானாக இணைப்புத் தரும் எந்திரம் வந்து அந்த நாற்காலியையும் காலி செய்தது.

தொழில் மாறிக்கொண்டே இருக்கும். படிப்பு கையில் இருந்தவர்கள் வேறு வேலைக்கு மாறிக்கொண்டார்கள். ஒரே தொழிலை மட்டும் தெரிந்து வைத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

அப்படியானால் தொழில் வேண்டாமா?

வேண்டும். அவசியம் வேண்டும். வெறும் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மாற்றுத் திறனாளிகளிலும் உண்டு. படிப்பை நிறுத்திவிட்டுத் தொழில் கற்பதுதான் தப்பு. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ்-2 வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. பிளஸ்-2 சான்றிதழும் கிடைக்கும், கைவேலையும் தெரியும்.

பள்ளிக்குத் தினமும் போக முடியாத பிள்ளைக்கு மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஒரே மூச்சில் எல்லாப் பாடமும் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். தொழில் பாடமும் சேர்த்து எடுக்கலாம்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு பல வேலைகள் எளிதாகிவிட்டன. திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. கண் தெரியாதவர் காதால் கேட்டுக்கொண்டே கடிதம் டைப் அடிக்கிறார், கணக்குப் பார்க்கிறார்.

எந்தப் பிள்ளைக்கு எது வரும் என்று பார்த்துச் சொல்லவும் இடம் உண்டு. சென்னை கிண்டியில் மத்திய தொழிலாளர் துறையின் மையம் இருக்கிறது. வி.ஆர்.சி. என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். இப்போது பெயர் மாறிவிட்டது. பிள்ளையின் திறமையைச் சோதித்து வழி சொல்கிறார்கள், பயிற்சி தருகிறார்கள், வேலைக்கும் உதவுகிறார்கள்.

பத்துக் குழித் தட்டு

அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பரீட்சைப் படிப்பு எல்லோருக்கும் ஏறாது. அதற்காக ஒன்றுமே கற்றுத் தரக்கூடாதா?

இவர்களுக்கான படிப்பு வேறு மாதிரி. பஸ் நம்பர் படிக்க வேண்டும். நூறு ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று தெரிய வேண்டும். பாங்கியில் கையெழுத்துப் போட வேண்டும். இதுவும் பாடம்தான்.

வேலை கற்றுக் கொடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியாகப் பழக்குகிறார்கள். பத்து வரை எண்ணத் தெரியாத பிள்ளையிடம் பத்துக் குழி உள்ள தட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். குழிக்கு ஒன்றாகப் போட்டு நிரப்பினால் ஒரு பாக்கெட் ரெடி. எண்ணிக்கை தப்பவே தப்பாது!

ஈ.சி.ஆர். சாலையில் முட்டுக்காட்டில் 2005-ம் ஆண்டு முதல் ஒரு தேசிய நிறுவனம் இயங்குகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கென்றே மத்திய அரசு அமைத்தது அது.

“சயின்ஸ் குரூப் கிடையாது”

நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் தடை வருகிறது. ஆந்திராவில் மச்சிலிப்பட்டினம் அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர் ஸ்ரீகாந்த் பொல்லா. பிறவியிலேயே பார்வை இல்லை. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினார். சயின்ஸ் குரூப் கேட்டார். கண் தெரியாதவருக்குக் கிடையாது என்றார்கள்.

பையன் விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். பிளஸ்-2 தேர்வில் 98 சதவீத மார்க் எடுத்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துத் திரும்பி 2012-ல் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். அவர் கதை 2024-ல் இந்திப் படமாகவும் வந்தது.

நம் சென்னையிலும் உதாரணம் உண்டு. லிட்டில் பிளவர் பள்ளியில் படித்த பெனோ ஜெபின் 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுப் பார்வையற்ற ஒருவர் அந்தப் பணிக்கு வந்தது அதுவே முதல் தடவை.

எல்லாப் பிள்ளையும் எம்.ஐ.டி.க்குப் போகப் போவதில்லை. ஆனால் போக வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிள்ளை முடிவு செய்ய வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

சட்டம் என்ன தருகிறது?

2016-ம் ஆண்டுச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது பிள்ளையின் விருப்பம். குறைபாட்டைக் காட்டி அரசுப் பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும் சேர்க்கையை மறுக்கக்கூடாது.

அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 சதவீத இடம் உண்டு. வயது வரம்பில் 5 வருஷம் சலுகை உண்டு.

தேர்வில் சொல்வதை எழுத ஆள் கேட்கலாம். 2018-ம் ஆண்டு மத்திய அரசு வகுத்த விதிப்படி ஒரு மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு என்றால் ஒரு மணி நேரம் அதிகம் கிடைக்கும்.

40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும், எழுத முடியாதவர்களுக்கு எழுதும் ஆள் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2021 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. அதையொட்டி 2022-ல் மத்திய அரசும் விதிமுறை வெளியிட்டது.

பெற்றோர் கவனத்துக்கு

இத்தனை சலுகைக்கும் முதல் சாவி மருத்துவச் சான்றிதழும் அடையாள அட்டையும்தான். அவை இல்லாவிட்டால் எந்த மேஜையிலும் மனு நகராது. எழுதும் ஆள் வேண்டும் என்ற விண்ணப்பத்தைத் தேர்வு நெருங்கும்போது எடுத்துக்கொண்டு ஓடக்கூடாது. பள்ளி திறந்ததுமே தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தனியார் நிறுவனங்களில் நூற்றுக்கு 5 பேராவது மாற்றுத் திறனாளிகளாக இருக்கும்படி முதலாளிகளுக்கு அரசு ஊக்கத்தொகை தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பில் போட, பாக்கெட் கட்ட, கணக்கு எழுத ஆள் தேடும் கடைகள் நகரத்தில் எத்தனையோ! பத்தாவது முடித்து, தொழிலும் பழகிய ஒரு பிள்ளையை ஒரு மாசம் வைத்துப் பார்க்கலாம். தர்மத்துக்காக வேண்டாம். வேலை நன்றாக நடந்தால் மட்டும் தொடர்ந்து வைத்துக்கொண்டால் போதும்.