நிர்மாணத்துறை மீண்டும் நிமிர வேண்டுமானால்...

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயல் 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டதோடு, வீதிகள், பாலங்கள், புகையிரதப் பாதைகள், வீடுகள் எனப் பல தசாப்தங்களாகக் கட்டியெழுப்பப்பட்டவற்றையும் சிதைத்துச் சென்றது. நேரடிச் சேதத்தின் பெறுமதி சுமார் 410 கோடி அமெரிக்க டொலர் என உலக வங்கி மதிப்பிட்டது. இவற்றை மீளக் கட்டும் பாரம் நிர்மாணத்துறையின் தோளிலேயே விழுந்துள்ளது. ஆனால் அத்துறையோ 2022 இன் பொருளாதார வீழ்ச்சியில் பட்ட அடியிலிருந்து இன்னும் முழுமையாக எழவில்லை என்பதே கவலைக்குரிய விடயமாகும்.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியபோது, வெளிநாட்டு நிதியில் நடைபெற்ற வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஜப்பானிய நிதியிலான கட்டுநாயக்க விமான நிலைய விரிவாக்கமும், சீனக் கடனிலான மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் கடவத்தை - மீரிகம பகுதியும் இவற்றுள் அடங்கும். ஜப்பானின் திட்டங்களுக்கு 2024 ஜூலையிலேயே மீண்டும் வழி பிறந்தது. கடவத்தை - மீரிகம வேலை 2025 செப்டெம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. மத்திய வங்கியின் புள்ளிவிபரங்களின்படி 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் நிர்மாணத்துறை ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்களவு சுருங்கியது. 2021 இல் நடைபெற்ற வேலையில் மூன்றில் இரண்டு பங்கு கூட 2023 இல் நடைபெறவில்லை என்பதே இதன் பொருள். 2024 இல் வளர்ச்சி ஏற்பட்டது உண்மையே. ஆயினும் பள்ளத்தின் அடியிலிருந்து கணக்கிடப்படும் வளர்ச்சியைக் கண்டு எவரும் ஏமாந்துவிடக்கூடாது.

செலவுகளோ எதிர்த்திசையில் ஏறின. நெருக்கடிக்கு முன்னர் ஏறக்குறைய 1,000 ரூபாவாக இருந்த 50 கிலோ சீமெந்து மூடை 2022 இல் 3,000 ரூபாவைத் தாண்டியது. வங்கி வட்டி 25 சதவீதத்தையும் கடந்தது. 2022 நடுப்பகுதி வரை 8 சதவீதமாக இருந்த பெறுமதிசேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது.

இந்தச் சுமை எங்கே போய் இறங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அரச திணைக்களமொன்றுக்கு வீதியோ பாடசாலைக் கட்டடமோ அமைக்கும் ஒப்பந்தக்காரர், வங்கியில் கடன் பெற்றே கம்பியும் சீமெந்தும் வாங்குகிறார். வேலையை முடித்துப் பட்டியல் சமர்ப்பிக்கிறார். பொறியியலாளர் அதனை உறுதிப்படுத்துகிறார். ஆனால் திறைசேரியில் பணமில்லையென்றால் பட்டியல் மாதக்கணக்கில் உறங்குகிறது. வட்டி மட்டும் உறங்குவதில்லை. விலையேற்றத்தை ஈடுசெய்யும் சூத்திரம் நீண்டகால ஒப்பந்தங்களுக்கு உதவினாலும், சிறு ஒப்பந்தக்காரரின் குறுகியகால வேலைகளுக்கு அது பெரும்பாலும் கிட்டுவதில்லை. அவர் உபஒப்பந்தக்காரருக்கும் இரும்புக் கடைக்காரருக்கும் கடனாளியாகிறார். இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நாட்கூலிக்கு வேலைசெய்யும் மேசனும் அவரது கையுதவியாளரும் நிற்கிறார்கள். திறைசேரியின் தாமதம் இறுதியில் அவர்களது அடுப்பையே அணைக்கிறது.

தொழிலாளர்களும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. 2022 இல் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காகப் புறப்பட்டனர். மேசன், தச்சர், கம்பி வேலை செய்வோர் எனக் கைத்திறன் மிக்க பலரும் அவர்களுள் அடங்குவர். ஒரு நல்ல மேசனை உருவாக்கப் பல ஆண்டுகள் தேவை. இழப்பதற்கு ஒரு விமானச்சீட்டுப் போதும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான குறையொன்று உண்டு. நமது நிர்மாணத்துறை அனர்த்தத்தாலும் கடனாலுமே வளர்ந்து வந்துள்ளது. 2004 ஆழிப்பேரலையின் பின்னரான மீள்கட்டுமானம், 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரான வடக்கு, கிழக்கு வேலைகள், 2011 இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலை, 269 ஹெக்டேயர் கடலை நிரப்பிய கொழும்புத் துறைமுக நகரம் என ஒவ்வொரு அலையும் வந்து வடிந்தது. இடையில் சீரான வேலைத்தொடர் இருக்கவில்லை.

வேகமாகக் கட்டுவது மட்டும் தீர்வாகாது என்பதற்கு அம்பாறை மாவட்டத்தின் நுரைச்சோலை சாட்சியாகும். ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட முஸ்லிம் மக்களுக்காகச் சவூதி அரேபிய உதவியில் அமைக்கப்பட்ட 500 வீடுகள், பங்கீடு தொடர்பான பிணக்கினால் ஆண்டுக்கணக்கில் கையளிக்கப்படாமல் காடுமண்டிக் கிடந்தன. மலையகத்துக்கென 2017 இல் இந்தியா அறிவித்த மேலதிக 10,000 வீடுகளுக்கான அடிக்கல் 2024 இலேயே நாட்டப்பட்டது. யாருக்கு, எங்கே, எப்போது என்ற மூன்று வினாக்களுக்கும் முற்கூட்டியே விடை காணாவிட்டால் கல்லும் மண்ணும் வீடாகிவிடாது.

எனவே டித்வாவின் பின்னரான மீள்கட்டுமானம் மற்றுமோர் அலையாக வந்து வடிந்துவிடக்கூடாது. முதலாவதாக, உறுதிப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு உரிய காலத்தில் பணம் கிடைப்பதைச் சட்டம் காக்க வேண்டும். சிங்கப்பூர் 2004 இலும் மலேசியா 2012 இலும் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றின. இரண்டாவதாக, மாவட்ட மட்டத்திலுள்ள சிறு ஒப்பந்தக்காரர்கள் ஏற்கக்கூடிய அளவில் வேலைகள் பிரித்து வழங்கப்பட வேண்டும். மூன்றாவதாக, மண்சரிவு அபாயமுள்ள மலைச்சரிவுகளில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியின்றி ஒரு கல் கூட வைக்கப்படலாகாது. நான்காவதாக, 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம் வெறும் ஏடாக இராது, தொழிலாளரின் பயிற்சிக்கும் தகைமைச் சான்றிதழுக்கும் பயன்பட வேண்டும்.

வீடிழந்து தற்காலிகக் கூடாரத்தில் தங்க நேர்ந்த தோட்டத் தொழிலாளிக்கும், வேலையின்றிக் கடவுச்சீட்டு எடுக்க வரிசையில் நிற்கும் மேசனுக்கும் தேவைப்படுவது ஒன்றேதான். இருவரையும் இணைக்கும் பாலம் மீள்கட்டுமானமே. அப்பாலத்தை அமைக்கும் ஒப்பந்தக்காரரின் பட்டியல் இம்முறையேனும் உறங்காதிருப்பதை உறுதிசெய்வது அரசின் கடமையாகும்.