நெத்தோலிக் கருவாடும் பூஞ்சணமும்

பிடித்த அன்றே கெடத் தொடங்கும் நெத்தோலி, கருவாடான பின் மாதக்கணக்கில் பூஞ்சணமின்றி இருப்பது எதனால்?

முட்டம் கடற்கரையில், விரித்த வலையின்மேல் வெள்ளியாய் மின்னிக் கிடக்கும் அம்மீன்களின் ஈரத்தைச் சூரியனும் கடற்காற்றும் கூடிக் கவர்ந்துகொள்ள, எஞ்சிய நீரையும் உப்பு தன்வசம் பிடித்துவைத்துக்கொள்வதால், நீரின்றி ஜீவிக்க இயலாத பூஞ்சணத்துக்கு அங்கே முளைவிட வழியே இல்லாமற் போகிறது. ஆயினும், அதே சூரிய கிரணங்கள் வைட்டமின் ஏ சத்தில் ஒரு பகுதியை அழித்துவிடுகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முள்ளோடு உண்ணும் அச்சிறு மீனின் சுண்ணாம்புச் சத்தோ வெயிலால் அழிவதில்லை.

ஐப்பசி மழையில் கருவாடு நமுத்துப்போனால் தாமதியாமல் மறுபடி வெயில் காட்டுங்கள். பூஞ்சணம் பூத்துவிட்டதாயின், கழுவிச் சமைக்க எண்ணாமல் எறிந்துவிடுங்கள்.