வலிக்கும் முன்பே போய்விடுங்கள்

பல் டாக்டர் என்றாலே பயமா? அந்தப் பயத்தைத் தாண்ட வழி இருக்கிறது.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுப் பக்கம் இருளர்கள் தண்ணீரில் இறங்கி, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். அந்தத் தொழிலில் பல்தான் மூன்றாவது கை.

சாப்பிடவும் பேசவும் எல்லோருக்கும் அது அத்தனை அவசியம். ஆனால் காய்ச்சலுக்கு டாக்டரைத் தேடுகிற நாம், பல்வலிக்குக் கிராம்பை வைத்து அழுத்திக்கொள்கிறோம். மெடிக்கலில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்துகிறோம். இத்தனைக்கும் சிகிச்சை எட்டாத தூரத்தில் இல்லை. பிச்சாவரத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில், சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1980-ல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. 2021-ல் அது அரசின் சுகாதாரத் துறைக்குக் கீழ் வந்தது. போனால் ஒருநாள் கூலி போகும் என்பது உண்மையான தடை. கூலிக் கவலை இல்லாதவர்களையும் தடுப்பது பயம்.

பயம் வளரும் விதம்

சிறுவயதில் கையைக் காலைப் பிடித்துக்கொண்டு பல்லைப் பிடுங்கிய நினைவு, ஊசி, மெஷின் சத்தம், "இத்தனை நாள் என்ன பண்ணினீங்க?" என்று திட்டுவார்களோ என்ற கூச்சம் என்று பயத்துக்குக் காரணங்கள் பல. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது. அது உண்மையல்ல; பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

பல்லின் மேல்பூச்சான எனாமலில் நரம்பு கிடையாது. அதனால் சொத்தை அங்கே இருக்கும்வரை வலிக்காது. அப்போதே போனால், பெரும்பாலும் ஊசியே இல்லாமல் அடைத்துவிடலாம். உள்ளே இறங்கினால் கூச்சம்; நரம்பைத் தொட்டால் தூக்கம் போகும். சீழ் பிடித்த இடத்தில் திசுவின் அமிலத்தன்மை கூடிவிடுவதால், மரத்துப்போக வைக்கும் ஊசியும் சரியாகப் பிடிக்காது. பயந்து தள்ளிப்போட்டவருக்குத்தான் வலி அதிகம். 'பயந்தது சரிதான்' என்று அவர் அடுத்த முறையும் தள்ளிப்போடுகிறார்.

வாய்விட்டுச் சொல்லுங்கள்

பல் சிகிச்சைப் பயத்தை அளக்க 1969-லேயே நார்மன் கோரா என்பவர் நான்கு கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். 1995-ல் ஊசி பற்றிய கேள்வியும் சேர்ந்து ஐந்தானது. அதில் 25-க்கு 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் பயம். மருத்துவம் அளந்து பார்த்துக் கவனிக்கிற ஒன்றை நாம் கோழைத்தனம் என்று மறைக்க வேண்டியதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்ததும், "எனக்குப் பயம் டாக்டர், ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்" என்று கேளுங்கள். இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும் அதிகாரம் நம் கையில் இருந்தாலே பாதி பதற்றம் குறையும். ஊசிக்கு முன் ஈறு மரத்துப்போக ஜெல் தடவச் சொல்லலாம்.

பல வருடம் போகாதவர்கள் முதல்முறை காட்டிவிட்டு மட்டும் வரலாம். அடுத்த முறை பல் சுத்தம். காரை எடுத்தபின் தெரியும் இடைவெளி, காரை அடைத்திருந்த இடம்தான்; சுத்தம் செய்ததால் பல் ஆட்டம் காண்பதில்லை. பிறகு சின்னச் சொத்தைகள். பெரிய வேலை கடைசியில். ஆனால் முகம் வீங்கி, காய்ச்சலோடு விழுங்கச் சிரமமாக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களும் புகையிலை போடுகிறவர்களும் வலி இல்லாவிட்டாலும் அவசியம் காட்ட வேண்டும். ஈறு நோயும் வாய்ப் புற்றின் தொடக்கமும் பெரும்பாலும் வலிப்பதில்லை.

போகும்போது வீட்டுப் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். எந்த வலியும் இல்லாத நாளில் டாக்டர் அதன் பல்லை எண்ணிப் பார்த்து அனுப்பட்டும். பல் டாக்டரைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு முதலில் பதியும் நினைவு வலியாக இருக்கக் கூடாது.